கொப்பரை வியாபாரி நெல்சனும் சமோவாவின் மௌ இயக்கமும்

தன் கொப்பரை வியாபாரத்தைக் காத்துக்கொள்ளவே பசிபிக் தீவு நாடான சமோவாவின் மக்களை நியூசிலாந்து ஆட்சியை எதிர்த்த மௌ இயக்கத்தில் இறங்கத் தூண்டிவிட்டார் என்பதுதான் ஓலாஃப் பிரெடரிக் நெல்சன்மீது ஆட்சியாளர்கள் சுமத்திய பழி. இதில் ஓரளவு உண்மை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

ஸ்வீடன் நாட்டு வணிகருக்கும் சமோவாப் பெண்ணுக்கும் மகனாக 1883இல் சவாயி தீவில் பிறந்த நெல்சன், தந்தையின் வணிகத்தைப் பெருக்கிச் சமோவாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவரானார். தாயிசி என்னும் குலத்தலைவர் பட்டம் பெற்றிருந்தும், சட்டத்தின் பார்வையில் அவர் ஐரோப்பியர். 1924இல் அவர் சட்டசபைக்குச் சென்றதும் ஐரோப்பியர் என்று வகைப்படுத்தப்பட்டவர்களின் வாக்குகளால்தான்; சமோவர்களுக்கு அத்தேர்தலில் வாக்குரிமையே இல்லை.

கொப்பரையை அரசே வாங்கி ஏற்றுமதி செய்ய நிர்வாகத் தலைவர் ரிச்சர்ட்சன் முனைந்தபோது வியாபாரிகள் கொதித்தார்கள், நெல்சனும்தான். ஆனால் குலத்தலைவர்களின் பட்டங்களைப் பறிக்கவும் அவர்களை ஊரைவிட்டு விலக்கவும் அதே நிர்வாகம் வைத்திருந்த அதிகாரத்துக்கும் கொப்பரை விலைக்கும் என்ன தொடர்பு? 1918இல் ஆக்லாந்திலிருந்து வந்த தலூன் கப்பலை நியூசிலாந்து நிர்வாகம் தடுத்து நிறுத்தாமல் துறைமுகத்துக்குள் விட்டதால் பரவிய விஷக்காய்ச்சலில் மக்களில் ஐந்தில் ஒருவர் மாண்டனர். நெல்சனின் தாயும் சகோதரியும் ஒரே சகோதரனும் அதில் மடிந்தவர்கள். கப்பல்களைக் கண்டிப்பாகத் தடுத்த பக்கத்து அமெரிக்க சமோவாவில் ஒருவர்கூட அந்நோயால் சாகவில்லை என்பதை எந்தச் சமோவர் மறந்திருப்பார்?

1928இல் நெல்சன் ஐந்தாண்டுகளுக்கு நாடுகடத்தப்பட்டார். நியூசிலாந்துக்கு ஆட்சிப் பொறுப்பை அளித்திருந்த சர்வதேச சங்கத்திடம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) முறையிட அவர் ஜெனீவா வரை போனார். அங்கே அவரை அழைத்து விசாரிக்கவே இல்லை. தூண்டியவரை அகற்றிவிட்டால் இயக்கம் அடங்கியிருக்க வேண்டும் அல்லவா? அடங்கவில்லை. 1929 டிசம்பர் 28 அன்று தலைநகர் ஆப்பியாவில் மௌ ஊர்வலத்தின்மீது போலீசார் சுட்டதில் இயக்கத் தலைவர் துப்புவா தமசேசே லெயலோஃபி உள்ளிட்டோர் உயிரிழந்தனர். ஆண்கள் காட்டுக்குள் தலைமறைவானபோது, நெல்சனின் மனைவி ரோசபெல் உள்ளிட்ட பெண்கள் இயக்கத்தைத் தாங்கினார்கள். மக்களுக்குத் தாமாகவே கோபம் வரும் என்பதை எந்த ஆட்சியும் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை; அதற்கு எப்போதும் ஒரு தூண்டுகோல்காரர் தேவைப்படுகிறார்.

1933இல் திரும்பிய நெல்சனுக்கு மறு ஆண்டே சிறைத் தண்டனையும் மேலும் பத்தாண்டு நாடுகடத்தலும் விதிக்கப்பட்டன. லாப நட்டம் மட்டும் பார்க்கும் வியாபாரியாக இருந்தால், இதற்கு வெகு முன்பே நிர்வாகத்துடன் சமாதானம் பேசியிருப்பார். நியூசிலாந்தில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்த பிறகே, 1936இல், அவரால் ஊர் திரும்ப முடிந்தது. 1938இல் மீண்டும் சட்டசபைக்குத் தேர்வான அவர், சமோவா விடுதலை பெறுவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், 1944இல் காலமானார்.