கட்டணம் இன்றைக்கு, உதவித்தொகை என்றைக்கோ

"டாக்டருக்குப் படிக்க இப்போ என்னப்பா கஷ்டம்? ஏழைப் பிள்ளைகளுக்கு கவர்மென்டே கட்டுது, பேங்க்ல லோன் கொடுக்கிறான், ஸ்காலர்ஷிப் வேற இருக்கு." போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பழைய நண்பர் ஒருவர் சொன்னது இது. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. திட்டங்கள் இருக்கின்றன, அதுவும் நிறையவே இருக்கின்றன. ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் முதுகலை ஆசிரியராக இருந்துகொண்டு வருடா வருடம் பிள்ளைகளின் விண்ணப்பங்களோடு அலைகிறவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. கட்டணம் கட்டச் சொல்லும் தேதிக்கு முன்னால் அந்த உதவி வந்து சேருவதில்லை. நடுவில் இருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் நகை அடகுக்குப் போகிறது, கந்துவட்டிக்காரர் வீட்டுக்குள் வருகிறார், சில பிள்ளைகள் சீட்டையே விட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்த முதல் வருடம். அந்த நவம்பரில் கவுன்சிலிங் தொடங்கியது. மருத்துவம், பல் மருத்துவம் சேர்த்து ஏறக்குறைய நானூறு இடங்கள். தமிழ்நாடே கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். ஆனால் அரசுக் கல்லூரி இடங்கள் முடிந்து தனியார் கல்லூரி இடங்கள் வந்தபோது, கட்டணத்தைக் கேட்டுவிட்டுச் சில பிள்ளைகள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்த ஒதுக்கீட்டுக் கவுன்சிலிங் முடிகிற நேரத்தில்தான், தனியார் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும், அதற்கு மருத்துவப் பணிகள் கழகத்தில் சுழல் நிதி உருவாக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. நல்ல அறிவிப்பு. அதற்கப்புறம் வந்த எத்தனையோ பிள்ளைகள் அதனால் படிக்கிறார்கள். ஆனால் முந்தின நாள் சீட்டை விட்டுவிட்டுப் பஸ் ஏறின பிள்ளைகளுக்கு, அந்த அறிவிப்பு இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் வாழ்க்கையே வேறு. எங்களுக்கு மறுபடி வாய்ப்புக் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டபடி நின்றதைச் செய்திகளில் பார்த்தோம்.

அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த 7.5 சதவீதம் கிடையாது. அதே தெரு, அதே ரேஷன் கார்டு, அதே சத்துணவு. பள்ளியின் பெயர்ப் பலகை மட்டும் வேறு. நியாயமா என்று கேட்டால் நியாயம் இல்லை என்றுதான் சொல்வேன். அதைத் தனிப் பதிவாக எழுத வேண்டும். இங்கே சொல்ல வருவது, எங்கள் பிள்ளைகள் பொது ஒதுக்கீட்டில் போட்டி போட்டு சீட் வாங்கினால் அப்புறம் என்ன நடக்கிறது என்பதை.

அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தால் பிரச்சினை இல்லை. கல்விக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும், விடுதிச் செலவை எப்படியாவது சமாளிக்கலாம். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால்தான் வீடு ஆட்டம் காண்கிறது. "அரசு ஒதுக்கீடு" என்றவுடன் ஊரில் எல்லாரும் இலவசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கட்டண நிர்ணயக் குழு வைத்த கட்டணமே ஆண்டுக்கு நாலு லட்சத்துக்கு மேல். அப்புறம் ஹாஸ்டல், மெஸ், புத்தகம்.

எங்கள் பள்ளியில் படித்த ஒரு பெண். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்தது, சேர ஒரு வாரம்கூட இல்லை. வங்கிக்குப் போனோம். "காலேஜ்ல சேர்ந்து போனஃபைடு சர்டிபிகேட், ஃபீஸ் ஸ்ட்ரக்சர் வாங்கிட்டு வாங்க, லோன் போட்டுறலாம்" என்றார்கள். கல்லூரிக்குப் போனோம். "முதல் வருட ஃபீஸ் கட்டினாத்தான் அட்மிஷன், அட்மிஷன் ஆனாத்தான் போனஃபைடு." மறுபடி வங்கி. மேனேஜர் மெடிக்கல் லீவில் இருந்தார், பொறுப்பில் இருந்தவருக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் இல்லை. கடைசியில் அந்தப் பெண்ணின் அம்மா கழுத்தில் இருந்ததையும், சித்தியிடம் இரவல் வாங்கினதையும் சேர்த்து வைத்து நகைக் கடன் வாங்கினார்கள். எங்கே தெரியுமா? அதே வங்கி, அதே கிளை, பக்கத்துக் கவுன்ட்டர். எடை போட்டு, உரசிப் பார்த்து, பணம் கணக்கில் ஏற அரை மணி நேரம். தங்கத்துக்கு அரை மணியில் கிடைக்கிற நம்பிக்கை, மாநிலத் தரவரிசையில் இடம் பிடித்த பெண்ணுக்கு ஒரு வாரத்தில் கிடைக்கவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

கல்விக் கடன் பிறகு வந்தது. ஆனால் கட்டிவிட்ட பணத்தைத் திரும்பத் தர ரசீது, விளக்கக் கடிதம் என்று தனி அலைச்சல். நகைக் கடன் வட்டியோ முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துப் பிள்ளை தொழிற்கல்வி படிக்கக் கல்விக் கடன் வாங்கினால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் வட்டியை மத்திய அரசே கட்டும் என்று திட்டம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் அப்பா வருமானம் அந்த வரம்புக்கு வெகு கீழே. வட்டியே இல்லாமல் படித்திருக்க வேண்டிய பிள்ளையின் வீடு, தாமதம் ஒன்றினாலேயே வட்டி கட்டியது.

விதிகளைப் பார்த்தால் பிள்ளைகள் பக்கம்தான் இருக்கின்றன. 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. 7.5 லட்சம் வரைக்கும் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் அதுவரையிலும் சொத்து வேண்டியதில்லை. "உங்க வீடு எங்க ஏரியாவுல வராது" என்று சொல்லிக் கல்விக் கடன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. நிராகரிப்பதென்றால் கிளை மேலாளர் தானாக முடிவெடுக்க முடியாது, மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். இத்தனையும் பேப்பரில் இருக்கிறது. கவுன்ட்டரில் "அப்புறம் வாங்க" என்ற ஒரே பதில்தான். அது நிராகரிப்புக் கணக்கில் வராது. யாரும் யாரையும் நிராகரிக்கவில்லை, தேதி மட்டும் போய்விடும்.

தொகையையும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு நாலு லட்சம் சொச்சம் என்றால் நாலரை வருடப் படிப்புக்குக் கட்டணம் மட்டுமே பதினெட்டு லட்சத்தைத் தாண்டும். சொத்து இல்லாமல் கிடைக்கும் 7.5 லட்சம் இரண்டு வருடத்துக்குக்கூடக் காணாது. அதற்கு மேலே வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் பாதி வீடுகள் புறம்போக்கில், மீதியில் பாதிக்குப் பட்டா தாத்தா பெயரில். மூன்றாவது வருடம் ஃபீஸ் கட்ட வழியில்லாமல் நிற்கும் பிள்ளையின் நிலைமை, சீட்டே கிடைக்காத பிள்ளையைவிட மோசம்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம் இந்த ஜாமீன் பிரச்சினையைத் தொட்டது, அதற்காக அதை வரவேற்கிறேன். சொத்தும் வேண்டாம், ஜாமீன்தாரரும் வேண்டாம். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. ஆனால் தேசியத் தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு (தொடக்கத்தில் 860) மட்டும்தான் இது. தரவரிசையில் மேலே இருக்கும் கல்லூரியில் சேர்ந்தவருக்கு வங்கி எப்படியும் கடன் கொடுக்கும். தரவரிசையில் பெயரே இல்லாத ஏதோ ஒரு மாவட்டத்துத் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைக்குத்தான் இந்தச் சலுகை அதிகம் தேவைப்படுகிறது. அந்தப் பிள்ளை பட்டியலுக்கு வெளியே நிற்கிறாள்.

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையிலும் இதே தேதித் தகராறு. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2021-ல் வந்த புதிய வழிகாட்டுதலில் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம். மாநிலம் தன் பங்கைப் போட்ட பிறகு மத்தியப் பங்கு நேராக மாணவர் கணக்குக்கு வரும். பணம் வந்ததும் மாணவர் கல்லூரியில் கட்ட வேண்டும். முன்கூட்டியே கட்டணம் கேட்காமல் சேர்த்துக்கொள்ள 'ஃப்ரீஷிப் கார்டு' கொடுக்கலாம் என்றும் அந்த வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அந்தக் கார்டைப் பற்றி எங்கள் பகுதிக் கல்லூரி அலுவலகங்களில் கேட்டுப் பார்த்தால், நம்மிடமே "அது என்ன சார்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

தேதி தவறினால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்த வழக்கு ஒன்று உண்டு. மருத்துவம் இல்லை, ஐஐடி. 2024-ல் உத்தரப் பிரதேசம் முசாஃபர்நகர் மாவட்டத்துத் தலித் பையன் ஒருவனுக்கு ஐஐடி தன்பாத்தில் இடம் கிடைத்தது. அப்பா தினக்கூலி. கட்ட வேண்டியது 17,500 ரூபாய். ஊரில் திரட்டிக் கட்டப் போகும்போது ஜூன் 24 மாலை 5 மணிக் கெடு கடந்துவிட்டது. அந்த வருடம் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் நம் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, அங்கிருந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். செப்டம்பர் 30 அன்று, தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி அவனைச் சேர்க்கச் சொன்னது. தீர்ப்பைப் படித்தபோது மனசு நிறைந்தது. ஆனால் டெல்லி வரை போக முடியாத பிள்ளைகள் எத்தனை பேர்?

மேற்படிப்புப் பக்கம் வந்தால் கதை கொஞ்சம் மாறும். அங்கே பணம் வரும் என்று உறுதியாகத் தெரியும், எப்போது என்றுதான் தெரியாது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வின் வழியாக ஆய்வு மாணவர்களுக்குக் கிடைக்கும் ஜேஆர்எஃப் உதவித்தொகை 2019-ல் மாதம் 31,000, 2023 ஜனவரி முதல் 37,000. மோசம் இல்லை. ஆனால் அந்தப் பணம் மாதாமாதம் தானாக வந்துவிடாது. பல்கலைக்கழகத்தில் ஒருவர் இணையதளத்தில் பதிவு போட வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் மாற்றலாகிப் போனாலும் எல்லா ஆய்வு மாணவர்களுக்கும் அந்த மாதம் பணம் நிற்கும். ஜேஆர்எஃப் வாங்கி வேதியியலில் ஆய்வு செய்யும் என் பழைய மாணவன் அறை வாடகைக்கு டியூஷன் எடுக்கிறான். நாலைந்து மாதத் தொகை மொத்தமாக வரும், அதற்குள் கடன் அதைத் தின்றுவிட்டிருக்கும்.

நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவர்களுக்கு மாதம் 8,000 என்று 2012-ல் வைத்தார்கள். ஜேஆர்எஃப் அதற்கப்புறம் பல முறை கூடியிருக்கிறது, இது அப்படியே கிடக்கிறது. நகரத்தில் பெண்கள் விடுதி வாடகைக்கே அது காணாது. நம் மாநில அரசு, முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் தருகிறது. அதையும் மாதத் தவணையாக, சம்பளம் போடும் தேதியில் போட்டால் ஒரு ஆய்வு மாணவர் நிம்மதியாக ஆய்வுக்கூடத்துக்குப் போவார்.

தனியார் கல்லூரிகளைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அரசிடமிருந்து வர வேண்டிய கட்டணம் மாதக் கணக்கில் நிலுவையில் நின்றால், ஊழியர் சம்பளத்தை எதிலிருந்து கொடுப்பது என்று கேட்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், இதைச் சரிசெய்ய வேண்டியது அரசும் வங்கிகளும். நீட் முடிவு வந்த கையோடு வங்கி, "இந்தத் தரவரிசைக்கு இடம் கிடைத்தால் இவ்வளவு தருகிறோம்" என்று கொள்கையளவில் ஒப்புதல் கடிதம் கொடுக்கலாம். வீட்டுக் கடனுக்கு, வீட்டைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அப்படிக் கொடுக்கிறார்களே! ஒதுக்கீட்டு ஆணையிலேயே, இந்த மாணவியின் கட்டணத்தில் அரசு எவ்வளவு, வங்கி எவ்வளவு, குடும்பம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று அச்சாகி வர வேண்டும். அந்த ஆணையைக் காட்டினால் கல்லூரி சேர்த்துக்கொள்ள வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் இப்போது ஆன்லைனில் அரசிடமே இருக்கிறது. இதற்குப் புதிதாக நிதி ஒதுக்க வேண்டாம், ஏற்கெனவே ஒதுக்கிய பணத்தை முன்னால் நகர்த்தினால் போதும்.

அது நடக்கும் வரை, இந்த வருடம் கவுன்சிலிங் போகும் வீடுகளுக்குச் சில வார்த்தைகள். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, இருப்பிடச் சான்று இவற்றுக்கு ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள், இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் தாலுகா ஆபீஸில் கூட்டம் அலைமோதும். பிள்ளையின் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று கிளையில் நேரில் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று கணக்கு இருந்தால், உதவித்தொகை எந்தக் கணக்குக்குப் போகும் என்பது கடைசியாக ஆதார் இணைத்த கணக்கைப் பொறுத்தது. மறந்துபோன பழைய கணக்கில் பணம் விழுந்து கிடக்க, வரவே இல்லை என்று அலைந்த வீடுகள் உண்டு. சிறுபான்மைச் சமூகத்தினர் டாம்கோவிலும் (தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்) கல்விக் கடன் கேட்டுப் பாருங்கள், வட்டி குறைவு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் கல்விக் கடன் முகாமுக்குத் தவறாமல் போங்கள். அங்கே எல்லா வங்கிக்காரர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், ஆட்சியர் முன்னால் "அப்புறம் வாங்க" என்று சொல்ல மாட்டார்கள்.

வங்கியில் மறுத்தால், மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மாட்டேன் என்றால், தேதி போட்டு நீங்களே ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், மாதிரிக் கடிதம் அனுப்புகிறேன்.