விற்றது ஒரே ஒரு காபி

தள்ளுவண்டிக் கடையில் தொடங்கி உணவகம் வரை வளர்ந்த பாட்ரிசியா நாராயண் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவர் நாகர்கோவில் குடும்பத்துப் பெண் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், குமரி மாவட்டத்துக்காரர்களான எங்களுக்கு அதுதான் பெரிசு. சரி, 1982-இல் மெரினாவில் தள்ளுவண்டி போட்ட முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, 50 பைசா, எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். அதற்கு முன்பே வீட்டில் ஊறுகாய், ஜாம், ஸ்குவாஷ் செய்து அம்மாவின் ஆபீசில் விற்றுப் பழகிய கையல்லவா அது? கடற்கரைக்கு வரும்போதே பாதித் தொழில் தெரிந்திருக்கிறது.

நான் மார்த்தாண்டம் பக்கம் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடுகிறேன். முதல் மாசம், காயை நேராக எண்ணெயில் சீவத் தெரியாமல் முறத்தில் சீவி வைத்து மொத்தமாகக் கொட்டினேன், எல்லாம் ஒட்டிக்கொண்டு அடை மாதிரி வந்தது. கடைக்காரர் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மக்களே, இது கடிக்கதுக்கா எறியதுக்கா?" என்றார். இன்றும் அவருக்குத்தான் சரக்கு போடுகிறேன், பாக்கியை மட்டும் இழுத்தடிப்பார்.

2004-இல் விபத்தில் பாட்ரிசியாவின் மகளும் மருமகனும் போனது, அப்புறம் மகள் நினைவாக 'சந்தீபா' என்று உணவகம் தொடங்கியது, கட்டுரையில் அந்த இடம் வந்தபோது சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் மிச்சத்தைப் படித்தேன்.