லென்ஸ் பெயரில் முதல் எண்ணைப் பாருங்கள்

18-300 மி.மீ. ஜூம் லென்ஸ் வாங்கலாமா என்று இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸில் கொஞ்ச காலம் படமெடுத்தவர்களுக்கு அடுத்து வரும் ஆசை பெரும்பாலும் "இன்னும் தூரத்தில் இருப்பது கிட்ட வரணும்" என்பதுதான். கடையில் லென்ஸை மாட்டிக் காட்டும்போதும் அதைத்தான் காட்டுவார்கள், எதிர் வரிசைக் கட்டடத்தின் பெயர்ப்பலகை ஃபிரேம் நிறைய வந்து நிற்கும், உடனே மனசு விழுந்துவிடும். ஆனால் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தெருவில் நடக்கிறவருக்கு லென்ஸ் பெயரில் இருக்கிற இரண்டாவது எண்ணைவிட முதல் எண்தான் முக்கியம். முதல் எண் சின்னதாக இருந்தால் அதிக அகலம் ஃபிரேமுக்குள் வரும், இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் தூரத்தில் இருப்பது கிட்ட வரும். அடுத்தது வெளிச்சம், அதற்கடுத்து எடை. தூரம் கடைசி.

மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்றைக்கு மாட வீதியில் நின்று பாருங்கள், நான் சொல்வது புரியும். நாயன்மார்கள் சப்பரம் சப்பரமாக வருகிறார்கள், உங்களுக்குப் பின்னால் ஒரு அடி நகர இடமில்லை, லென்ஸ் மாற்றுவதற்குப் பையைத் திறக்கக்கூட முடியாது. சப்பரம் உங்களுக்கு மூன்று மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேனன் கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்) கேமராவில் 18 மி.மீ. வைத்தால் அந்தத் தூரத்தில் சுமார் 3.7 மீட்டர் அகலம் உள்ளே வரும். 15 மி.மீ. வைத்தால் கிட்டத்தட்ட 4.5 மீட்டர். சப்பரம் மட்டும் வருவதற்கும், அதைத் தூக்கி வருகிறவர்களின் முகமும் பக்கத்தில் கைகூப்பி நிற்கிற பாட்டியும் சேர்ந்து வருவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த 80 சென்டிமீட்டர்தான். காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் போனாலும் இதே கதை, முதுகு சுவரில் இடித்த பிறகு பின்னால் போக வழியில்லை.

தூரம் குறைந்தால் அதைச் சமாளிக்க வழி இருக்கிறது. நாலு எட்டு முன்னால் போகலாம். போக முடியாத இடத்தில் பிறகு கிராப் செய்யலாம். 24 மெகாபிக்சல் கேமராவில் 70 மி.மீ.யில் எடுத்த படத்தை 140இல் எடுத்ததுபோல வெட்டினால் 6 மெகாபிக்சல் மிஞ்சும், பத்து அங்குலப் பிரிண்டுக்கு அது போதும், போனில் பார்க்க அதற்கும் மேலே. ஆனால் ஃபிரேமுக்குள் வராமல் போன பாட்டியை எந்த சாஃப்ட்வேரும் உள்ளபடி கொண்டுவந்து நிறுத்தாது.

இப்போது வெளிச்சம். லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பதை எஃப் எண் சொல்லும், எண் கூடினால் வெளிச்சம் குறையும். 18-55 கிட் லென்ஸ் 55 மி.மீ.க்குப் போனதும் எஃப் 5.6 ஆகிவிடும். அதே இடத்தில் எஃப் 2.8 திறக்கிற லென்ஸ் நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன், ஏற்றினால் படம் புள்ளிபுள்ளியாகும்) 6400 வைக்க வேண்டிய இடத்தில் 1600 போதும், அல்லது ஐஎஸ்ஓவைத் தொடாமல் ஷட்டரை 30இல் ஒரு பங்கு வினாடியிலிருந்து 125இல் ஒரு பங்குக்குக் கொண்டுபோகலாம். "ஸ்டெபிலைசேஷன் இருக்கே, பிறகென்ன" என்பார்கள். அது உங்கள் கை நடுங்குவதைத்தான் தாங்கும், தவில் வாசிக்கிறவரின் கையை நிறுத்தாது. காசிமேட்டில் விடிவதற்கு முன்னால் மீன் ஏலம் நடக்கும்போது ஆளும் அசைகிறார், மீனும் துள்ளுகிறது, அங்கே ஷட்டர் வேகம் இல்லையென்றால் ஒன்றும் தேறாது. 18-300 வகை லென்ஸ்கள் பெரும்பாலும் நீளும் முனையில் எஃப் 6.3க்கு இறங்கிவிடும், அதாவது நீங்கள் எதற்காக வாங்கினீர்களோ அந்த 300 மி.மீ. பளீரென்று வெயில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

சரி, எதை வாங்குவது? சோனியின் கிராப் சென்சார் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை கேமரா) வைத்திருப்பவர்களுக்கும் ஃபியூஜி வைத்திருப்பவர்களுக்கும் நான் தயங்காமல் சொல்வது டாம்ரான் 17-70 எஃப் 2.8. முழு ஜூமிலும் 2.8, உள்ளேயே ஸ்டெபிலைசேஷன், விரிந்த முனையில் 19 செ.மீ. வரை கிட்டே போய் ஃபோகஸ் செய்யலாம். சோனி ஏ6400 மாதிரி பாடியில் ஸ்டெபிலைசேஷன் இல்லாத கேமராவுக்கு இது பெரிய விஷயம். குறை எடைதான், 525 கிராம், சின்ன பாடியில் மாட்டினால் முன்பக்கம் இழுக்கும். அது ஒத்துவராது என்றால் சிக்மா 18-50 எஃப் 2.8, வெறும் 290 கிராம், ஸ்டெபிலைசேஷன் கிடையாது, ஆனால் எடுத்துப் போகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் எடுத்துப் போகலாம். 2024இலிருந்து இது கேனன் மிரர்லெஸ் கேமராக்களின் ஆர்எஃப் மவுண்டுக்கும் (லென்ஸ் மாட்டும் வாய்) கிடைக்கிறது, ஆர்50, ஆர்10 வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கையில் எடுத்துப் பாருங்கள்.

பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம், உண்மையில் உங்களுக்குத்தான் யோகம். எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருப்பதால் நல்ல லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் வருகின்றன. கேனனுக்கு 15-85, அல்லது எஃப் 2.8 வேண்டுமென்றால் 17-55. நிக்கானுக்கு 16-80 எஃப் 2.8-4. இரண்டுக்கும் பொதுவாக சிக்மா 17-50 எஃப் 2.8. இதில் கேனன் 15-85 வெளிச்சத்தில் கிட் லென்ஸ் மாதிரிதான், இருந்தாலும் அந்த 15க்காகவே பகல் நேரத் தெருவுக்கு நான் அதைப் பரிந்துரைப்பேன்.

ஃபுல் ஃப்ரேம்காரர்கள் பலர் கல்யாண போட்டோகிராபர் கையில் 24-70 எஃப் 2.8 இருப்பதைப் பார்த்து அதையே வாங்குகிறார்கள். மண்டபத்துக்குள் வேலை பார்க்கிறவருக்கு அது தேவை. ஊர் சுற்ற 24-105 எஃப் 4 அல்லது நிக்கானின் 24-120 எஃப் 4 போதும். 2023இல் சோனி 20-70 எஃப் 4 கொண்டுவந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். 105 வரை நீளாமல் 20 வரை விரிகிறது, எடையும் 488 கிராம்தான். நடந்து திரிந்து படமெடுக்கிற யாரோ யோசித்துச் செய்த லென்ஸ் அது என்றே நினைக்கிறேன்.

தூரம் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. பிள்ளையின் ஸ்போர்ட்ஸ் டே, ஆண்டு விழா என்றால் 18-135, 18-140 வகை நல்ல சமரசம். வேடந்தாங்கலில் பறவை எடுக்க வேண்டுமென்றால் 300கூட பல நேரம் பத்தாது, அதற்குத் தனி லென்ஸ்தான். அதையும் இதையும் ஒரே குழலில் அடைக்கப் பார்த்தால் விரிந்த முனையில் தூண்கள் வளையும், நீண்ட முனையில் ஓரங்கள் மங்கும். வளைவை சாஃப்ட்வேர் நிமிர்த்திவிடும்தான், ஆனால் நிமிர்த்தும்போது ஓரத்தில் இருப்பதைக் கொஞ்சம் வெட்டிவிடும். நீங்கள் ஆசைப்பட்ட அந்த அகலத்திலிருந்துதான் அது போகும்.

அப்புறம், சந்தேகமாக இருந்தால் உங்கள் பழைய படங்களை லைட்ரூம் சாஃப்ட்வேரில் ஃபோகல் லெங்த் (எத்தனை மி.மீ.யில் எடுத்தது) வாரியாகப் பிரித்துப் பாருங்கள். 18இல் எடுத்தவை குவிந்து கிடந்தால் உங்களுக்குத் தேவை அந்தப் பக்கம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது இரண்டு விஷயம் கட்டாயம் பார்க்க வேண்டும். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் ஜூம் தானாக வழுக்கி இறங்குகிறதா என்று பாருங்கள். பின்பக்கமிருந்து போன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் ஃபங்கஸ். சென்னை மாதிரி கடலோர ஊர்களின் ஈரக் காற்றுக்கு இது சகஜம். "கிளீன் பண்ணிக்கலாம் சார்" என்று விலை குறைப்பார்கள். கண்ணாடி மேல் இருக்கிற பூச்சு அரித்துப்போயிருந்தால் எந்த கிளீனிங்கிலும் அது திரும்ப வராது, எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.