துண்டு போட்ட சீட்

சைதாப்பேட்டையில் வக்கீல் வீட்டு மாடிப்படியில் ஆரம்பித்த சண்டை இது. சித்தப்பா மகன் உயில் எழுதாமல் போய்விட்டான். மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். வயிற்றில் இருப்பதற்கும் பங்கு உண்டு என்றார் வக்கீல். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 20. இறங்கும்போதே பெரியப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியாம்மா? சொத்துல பங்கு இருக்கும்போது உயிருக்கு உரிமை இல்லையா? கலைக்கிறது பொம்பளை உரிமைன்னு எழுதுறியே!"

நல்ல கேள்விதான். ஆனால் அதே பிரிவில், உயிரோடு பிறந்தால்தான் பங்கு. பிறந்துவிட்டால் அப்பா இறந்த நாளிலிருந்தே வாரிசு; இல்லையென்றால் அந்தப் பங்கே இல்லை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே, அந்தக் கதைதான். சீட் காத்திருக்கிறது, ஆள் இன்னும் ஏறவில்லை. பெரியப்பா துண்டுக்கே டிக்கெட் கிழிக்கச் சொல்கிறார்.

கிழித்துக் கொடுத்த நாடும் உண்டு. தாய்க்கும் கருவுக்கும் சமமான உயிருரிமை என்று அயர்லாந்து 1983இல் அரசியல் சாசனத்திலேயே எழுதியது. 2012இல் கால்வே நகரில், நம் பக்கத்து கர்நாடகத்துப் பெண் சவிதா ஹலப்பனவருக்கு 17ஆவது வாரத்தில் கரு கலைய ஆரம்பித்தது. பிழைக்காது என்று தெரிந்தும், கருவின் இதயத் துடிப்பு நிற்கட்டும் என்று மருத்துவர்கள் காத்திருந்தார்கள். கிருமித் தொற்று உடலெங்கும் முற்றி, அதாவது செப்சிஸ் வந்து, சவிதா இறந்துபோனார். 31 வயது. அந்த ஷரத்தைத் தூக்க 2018 வரை ஆனது.

அதற்காக எனக்கு எல்லாம் தெளிவு என்று சொல்லமாட்டேன். 2023 அக்டோபரில், இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் 26 வாரக் கர்ப்பத்தைக் கலைக்க உச்ச நீதிமன்றம் போனார். முதலில் அனுமதி, அப்புறம் இரு நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு, கடைசியில் மறுப்பு. வெளியே எடுத்தால் பிழைக்கலாம் என்று மருத்துவர் சொன்னதைப் படித்தபோது நானும் தடுமாறினேன். 26 வாரமும் 8 வாரமும் ஒன்றில்லை. எனக்குப் புரிகிறது. பெரியப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் கருக்கலைப்புச் சட்டத்தில் 20 வாரம் வரை ஒரு மருத்துவர், சில வகைப் பெண்களுக்கு 24 வரை இரண்டு மருத்துவர்கள் சம்மதித்தாக வேண்டும். ஆக, அவள் கேட்டால் மட்டும் போதாது, டாக்டர் சரி என்க வேண்டும். ஆனால் சம்மதம் அவளுடையது. வயது வந்த பெண்ணுக்குக் கணவன் கையெழுத்தை 1971 சட்டமும் கேட்கவில்லை, 2021 திருத்தமும் கேட்கவில்லை.

போன வருடம் தோழியோடு ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஏழாவது வாரம். "ஹஸ்பண்ட் வரலையா?" என்றார்கள். சட்டத்தைப் போனில் எடுத்துக் காட்டினேன். "அதெல்லாம் சரி மேடம், அவரை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க."

அவர் துபாயில் ஷிப்டில் இருந்தார். எடுக்கும்வரை மூன்று மணி நேரம் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம்.