சோனிக் முதல் பாகம் வேகமான கேமே இல்லை

1991-ல் சேகா மெகா டிரைவ் என்ற கேம் கன்சோலுக்கு வந்த முதல் சோனிக் வீடியோ கேமைப் போன வாரம் மறுபடி முழுசாக ஆடி முடித்தேன். "வேகம்னா சோனிக்தான்" என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்களில் நானும் ஒருத்தன். இப்போது கேட்டால், பாதி கேமில் அந்த நீல முள்ளெலி எதற்காகவாவது காத்துக்கொண்டுதான் நிற்கிறது என்பேன்.

எல்லாம் முதல் ஜோனான (ஜோன் என்றால் கேமின் ஒரு பெரிய கட்டம்) கிரீன் ஹில் செய்த வேலை. சரிவில் உருண்டு இறங்கி, வளையத்தில் தலைகீழாகச் சுற்றி வெளியே வரும்போது மசாட்டோ நகமுராவின் இசையும் சேர்ந்துகொள்ள, கேம் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். அடுத்தது மார்பிள் ஜோன். எரிமலைக் குழம்பின்மேல் ஒரு கல் ஆமை மாதிரி மிதந்து போகிறது, அதன்மேல் சோனிக் சும்மா நிற்கிறது. சங்கிலியில் தொங்கும் முள்பலகை மேலே ஏறும்வரை காத்திரு, கல்லைத் தள்ளு, மறுபடி காத்திரு. நாலாவதான லாபிரிந்த் ஜோன் பற்றிக் கேட்கவே வேண்டாம், தண்ணீருக்குள் நடையே தளர்ந்துபோகிறது, மூச்சுக்குக் காற்றுக்குமிழி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்த எச்சரிக்கை இசை ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குக் கை வியர்க்கிறது. அதற்கப்புறம் வரும் ஸ்டார் லைட்டில்தான் மறுபடி மனசார ஓட முடிகிறது. ஆறு ஜோனில் அது ஐந்தாவது!

அப்புறம் ஏன் எல்லோருக்கும் வேகம் மட்டும் நினைவிருக்கிறது? என் கணக்கு இது: இந்த கேமில் சேவ் கிடையாது. லைஃபும் கன்டினியூவும் தீர்ந்தால் திரும்ப கிரீன் ஹில்தான். ஆறாவது ஜோனான ஸ்க்ராப் பிரெய்னை நாலு தடவை பார்த்தவன் கிரீன் ஹில்லை நானூறு தடவை பார்த்திருப்பான்.

நின்ற இடத்திலேயே சுழன்று பாயும் ஸ்பின் டேஷ் 1992-ல் இரண்டாம் பாகத்தில்தான் வந்தது. அந்தப் பழக்கத்தில் நானும் கீழ் பட்டனை அழுத்திக்கொண்டு ஜம்ப்பை அழுத்துகிறேன், சோனிக் அசடு மாதிரி ஒரு குதி குதிக்கிறது. இங்கே மேடு ஏற வேண்டுமென்றால் பின்னால் போய் ஓடி வர வேண்டும். முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆனால் எந்தச் சரிவில் உருள வேண்டும், எங்கே எதிரி நிற்கிறான் என்று மனப்பாடமான பிறகு அதே இடத்தைத் தடையில்லாமல் கடக்கும்போது, அந்த வேகம் நாமே சம்பாதித்தது மாதிரி இருக்கிறது. யூஜி நாகாவின் நிரலும் ஹிரோகாசு யாசுஹாராவின் தள வடிவமைப்பும் கச்சிதமாகப் பொருந்தும் இடம் இதுதான் என்று தோன்றுகிறது.

வழியெல்லாம் பொறுக்கிச் சேர்க்கும் மோதிரங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கையில் ஒன்று இருந்தாலே போதும், அடி வாங்கியும் பிழைக்கலாம்; சிதறி ஓடும் மோதிரங்களில் ஒன்றையாவது மறைவதற்குள் பிடித்துவிடத் துடிக்கும் அந்தச் சில நொடிக்கு ஈடாக மரியோவின் காசில் எதுவும் இல்லை. (மரியோ ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், நான் தயார்.) கூடவே ஒரு வம்பும் உண்டு: ஒரு ஜோனுக்குள் வரும் மூன்று ஆக்ட்களில் (பகுதிகளில்) முதல் இரண்டின் முடிவில் ஐம்பது மோதிரம் கையில் இருந்தால்தான் எமரால்டு என்ற மாயக்கல்லைத் தேடிப் போகும் ராட்சத வளையம் தெரியும். ஐம்பது சேர்ந்துவிட்டால் ஓடவே பயம்! வேகத்துக்குப் பேர்போன கேரக்டரை முட்டைக்கூடை சுமக்கிறவன் மாதிரி அடிமேல் அடி வைத்து நடத்திக்கொண்டு போனேன்.

முள்தரையை மட்டும் மன்னிக்கவே மாட்டேன். அடி வாங்கி உடம்பு மின்னிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு முள்ளில் விழுந்தால் அப்போதே உயிர் போகிறது. மற்ற எதிரிகளிடம் செல்லும் பாதுகாப்பு முள்ளிடம் மட்டும் செல்லாது என்றால் என்ன நியாயம்?

எனக்குக் கிடைத்தது ஆறில் நாலு எமரால்டுதான். கடைசித் திரையில் மீதி இரண்டையும் வில்லன் எக்மேன் தூக்கிப்போட்டுப் பிடித்து விளையாடிக்கொண்டிருக்கிறான்.