எங்கே உட்கார்ந்து எழுதினாய்?

கோரைப்பாயில் நோட்டை விரித்து எழுதினால் பேனா முனை ஒவ்வொரு கோரையிலும் ஏறி இறங்கும். வளைவாக வரவேண்டிய எழுத்து நடுவில் உடையும். தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தால் பாயின் வரிகள் விரலுக்குத் தட்டுப்படும். இது எனக்குத் தெரிய 14 வருஷம் ஆனது. அதுவரை அப்படிப்பட்ட பக்கங்களில் எல்லாம் சிவப்பு மையில் 'கையெழுத்தைத் திருத்து' என்று எழுதி வந்திருக்கிறேன்.

திருப்பூரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். தேனி, மதுரை, விருதுநகர்ப் பக்கம் சொந்த ஊர். இப்போது பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக ஒருநாள் சாயங்காலம் ஒரு காம்பவுண்டுக்குப் போனேன். எதிரும் புதிருமாகப் பத்து லைன் வீடுகள், கடைசியில் இரண்டு கழிப்பறை, ஒரு குழாய். அங்கே ஒரு வீட்டு வாசப்படியில் என் ஆறாம் வகுப்புப் பையன் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பாய் பாதி உள்ளே, பாதி வெளியே. உள்ளே பத்துக்குப் பத்து அறை. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் துணி மூட்டை, மிச்ச இடத்தில் தங்கச்சி தூங்குகிறாள். லைட்டைப் போட்டால் எழுந்துவிடுவாள் என்று வெளிச்சம் இருக்கும்வரை வாசலில் எழுதுவானாம். அம்மா காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் வருவார். "மழ பெஞ்சா என்னப்பா பண்ணுவ?" என்று கேட்டேன். "எழுத மாட்டேன் டீச்சர், மறுநா நீங்க நிக்க வைப்பீங்க" என்றான். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து 'வீட்டுப்பாடம் ஏன் முடிக்கவில்லை' என்று கேட்பதை விட்டுவிட்டேன். எங்கே உட்கார்ந்து எழுதினாய் என்று கேட்கிறேன். வகுப்பில் 34 பேர். மாடிப்படியில் என்றார்கள். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் என்றார்கள். மளிகைக் கடை அண்ணாச்சி அரிசி மூட்டைமேல் உட்கார விடுவார் என்றாள் ஒருத்தி. கம்பெனி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எழுதுவதாக மூன்று பேர் சொன்னார்கள், அதுதான் இருப்பதிலேயே நல்ல மேசை என்று பிற்பாடு நான் புரிந்துகொண்டேன். ஒரு பையன் அப்பாவின் பைக் சீட்டில் நோட்டை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறான். ஒரு பெண் மட்டும் பதில் சொல்லவில்லை. அவள் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பிசிறு வெட்டுவார்கள், பனியனில் தொங்கும் நூலைக் கத்தரிக்கும் வேலை. பீஸுக்கு இவ்வளவு என்று காசு. அந்த அறையில் பனியன் குவியலுக்கு இடம் விட்டபிறகுதான் ஆளுக்கே இடம். நோட்டுக்கு எங்கே போவாள்?

வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பேசினால் எல்லோரும் நேரத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்றது. 2020-ல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரம், ஆறு முதல் எட்டு வரை நாளைக்கு 1 மணி நேரம் என்று கணக்கு வைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை என் பையன் எந்தத் தரையில் உட்கார்ந்து செலவழிப்பான் என்று ஆசிரியர் அறையில் நாங்கள் ஒருநாள்கூடப் பேசியதில்லை. வீட்டுப்பாடம் என்று சொல்லும்போதே மேசையும் விளக்கும் உள்ள ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் கொடுக்கிறோம்.

சரி, மேசை வாங்கிக் கொடுத்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை. என் மகளுக்குத் தனி அறை இருக்கிறது, மேசை இருக்கிறது, வளையும் விளக்கு இருக்கிறது. அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குத்தான் வருகிறாள். நான் சப்பாத்தி தேய்க்கும் இடத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்து எழுதுகிறாள். அங்கே என்னடி வசதி என்று கேட்டால் "நீ இங்கதானம்மா இருக்க" என்கிறாள். சந்தேகம் கேட்கக்கூட இல்லை, பெரும்பாலும் எதுவும் கேட்பதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேடுபள்ளமில்லாத ஓர் இடம், வெளிச்சம், கூப்பிடு தூரத்தில் ஒரு பெரியவர். என் மகளுக்கு மூன்றும் இருக்கிறது. அந்த வாசப்படிப் பையனுக்குச் சூரியன் இறங்கும்வரை வெளிச்சம் மட்டும் இருக்கிறது.

2021-ல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது எங்கள் பகுதியில் ஓர் அக்கா தன் வீட்டு முற்றத்தில் சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்தார். கொரோனாவில் விட்டுப்போன பாடத்தை மீட்பதுதான் நோக்கம். பிள்ளைகள் அதோடு தங்கள் வீட்டுப்பாடத்தையும் அங்கே கொண்டுபோய் முடித்தார்கள். அந்தக் காலத்து நோட்டுகளை நினைத்துப் பார்த்தால் எழுத்து நேராக இருந்தது. அக்கா வேறு ஊருக்குக் குடிபோன பிறகு மறுபடி பாய் வரிகள் வந்தன. அப்போது எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெருவிளக்கில் படித்து உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார் என்று முத்துசாமி ஐயரின் கதையை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. ஏற்கெனவே வாசப்படியில் கிடக்கிற பிள்ளையிடம் அதைச் சொன்னால், உனக்கு இதுவே போதும் என்று சொன்னது போலாகிவிடுகிறது. அவரைப்போல ஆயிரத்தில் ஒருவர் மேலே வந்துவிடுவார். மீதிப்பேர் எட்டாம் வகுப்போடு பனியன் கம்பெனி செக்கிங் டேபிளுக்குப் போய்விடுகிறார்கள்.

தலைமையாசிரியரிடம் கேட்டு, இந்த வருஷம் திங்கள் முதல் வியாழன் வரை ஒரு வகுப்பறையை ஐந்தரை மணிவரை திறந்து வைத்திருக்கிறோம். நானும் இன்னொரு டீச்சரும் மாறி மாறி இருக்கிறோம். பாடம் நடத்துவதில்லை. அவரவர் எழுதலாம். பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். தம்பி தங்கச்சியை அங்கன்வாடியிலிருந்து கூட்டிவர வேண்டும் என்று முதலில் சிலர் ஓடினார்கள். கூட்டிக்கொண்டே வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வகுப்பறையின் பின்பக்கம் இப்போது ஒரு பாய் கிடக்கிறது. அதில் சின்னதுகள் தூங்குகின்றன. அப்புறம், எல்லோருக்கும் ஆளுக்கொரு பரீட்சை அட்டை வாங்கிக் கொடுத்தோம். பாயின்மேல் அட்டை, அட்டைமேல் நோட்டு. வீட்டில் எழுதினாலும் பேனா தடுக்காமல் போகிறது.

வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின் கீழ் வசூலிப்பது. காம்பவுண்டு ஓனர் கட்டுகிறார், அதையும் சேர்த்துத்தான் வாடகை நிர்ணயிக்கிறார். ஆகவே அந்தப் பத்துக்குப் பத்து வீட்டுப் பிள்ளைகளும் நூலகத்துக்குப் பணம் கட்டியவர்கள். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் பள்ளிப் பிள்ளைகள் எழுத இரண்டு மேசை, இரவு எட்டு மணிவரை. இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள், நானும் கேட்கிறேன்.

பதில் சொல்லாத அந்தப் பெண் இன்னும் சாயங்கால அறைக்கு வரவில்லை. ஐந்து மணிக்கு வீட்டில் கத்தரிக்கோல் பிடிக்க வேண்டும். அவள் அம்மாவை இரண்டு முறை பார்த்துப் பேசினேன். "ஆறு மணிக்குமேலன்னா அனுப்புறேன் டீச்சர், அதுக்குள்ள லோடு ஏத்திருவாங்க" என்றார். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஏழரை வரை அறையைத் திறந்து வைக்கக் கேட்கப்போகிறேன். இருட்டியபின் பிள்ளைகளைக் கொண்டுவிட இரண்டு அப்பாக்கள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். அறையில் ஒரு ட்யூப்லைட் எரியாமல் கிடந்தது. நேற்று மாற்றியாகிவிட்டது.