யுதோனோ மலையும் கேமராவும்

ஜப்பானின் யமகதா மாகாணத்தில் உள்ள யுதோனோ மலைக்கோயிலில் படம் எடுக்க அனுமதியில்லை. வெந்நீர் ஊறி வழியும் செந்நிறப் பாறையே அங்கே தெய்வம். அதன்முன் வெறுங்காலுடன்தான் நிற்க வேண்டும். கண்டதைச் சொல்லாதே, கேட்கவும் செய்யாதே என்பது அந்த மலையின் பழைய கட்டளை. 1689இல் அங்கு சென்ற கவிஞர் பாஷோகூட அதற்குக் கட்டுப்பட்டு, மேற்கொண்டு எழுதாமல் நிறுத்திக்கொண்டார். மறையும் நாட்டார் நம்பிக்கைகளை உடனே படம்பிடித்து வைக்க வேண்டும் என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்த மலைதான் நினைவுக்கு வருகிறது.

படமே எடுக்கக் கூடாது என்பது என் கருத்தன்று. மலைத்துறவு நெறியான ஷுகெந்தோவை மெய்ஜி அரசு 1872இல் தடைசெய்தது. அந்த வெட்டுக்குத் தப்பிப் பிழைத்தவற்றைப் பதிவு செய்வது அவசியமே. ஆனால் இன்று என் கண்ணில் படும் படங்களில் பெரும்பாலானவை மூடுபனி, தேவதாரு போன்ற நெடுமரங்கள், வெள்ளுடை, சங்கு என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. யுதோனோவுக்கு அருகிலுள்ள ஹாகுரோ மலையில், ஷுகெந்தோ நெறியைப் பின்பற்றும் யாமாபுஷித் துறவிகள் அணியும் அந்த வெள்ளுடை பிணத்துக்கு உடுத்தும் உடை என்பதும், மலைக்குள் நுழைகிறவர் இறந்தவராகக் கருதப்பட்டு, மலையின் கருப்பையில் சிசுவாக வளர்ந்து, மீண்டும் பிறந்தவராக வெளியே வருகிறார் என்பதும், அடைத்த அறையில் மிளகாய்ப் புகையைத் தாங்குவது அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி என்பதும் அழகான அந்தப் படங்களில் தெரிவதில்லை.

1938இல் பிறந்த புகைப்படக் கலைஞர் நைதோ மசதோஷியை நான் மதிப்பது இதனால்தான். வேதியியல் படித்த அவர், உணவை ஒடுக்கித் தம் உடலையே வற்றவைத்துக்கொண்ட யமகதா துறவிகளின் பதனுடல்களை (மம்மிகளை) படம்பிடித்தவர். பின்னர் தாமே நாட்டாரியல் ஆய்வாளராகவும் ஆனவர். ஜப்பானின் முதன்மைத் தீவான ஹொன்ஷுவின் வடகோடியில் உள்ள த்சுகாரு பகுதியின் மூதாட்டிகளை அவர் இரவில், கண்ணைப் பறிக்கும் ஃபிளாஷ் ஒளியில் எடுத்தார். அந்த முகங்களைக் கண்டு இரக்கப்பட இடமே இல்லை; இருளைப் பிளந்துகொண்டு அவர்கள் நம் எதிரே வந்து நிற்கிறார்கள்.

அதே வடபகுதியில், இறந்தவர்களின் குரலாகப் பேசும் இதாகோ என்னும் பெண்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்கிறார்கள். இதை வெறும் இழப்பாகப் பார்க்க என்னால் முடியவில்லை. ஏழைக் கிராமங்களில் நோயால் பார்வையிழந்த சிறுமிகளுக்கு அன்றிருந்த மிகச் சில பிழைப்புகளில் அதுவும் ஒன்று. மருத்துவமும் பள்ளியும் வேறு தொழில்களும் வந்தபின் அந்த வழியில் செல்ல வேண்டிய சிறுமிகள் குறைந்தார்கள். ஆகவே, ஒரு மூதாட்டியின் படத்துக்கு அடியில் ‘கடைசி இதாகோ’ என்று மட்டும் எழுதுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. எந்த வயதில் பார்வை போனது, யாரிடம் மந்திரம் பயின்றார், அந்தத் தொழிலை அவரே விரும்பினாரா என்பவற்றை முதலில் அவரிடம் கேட்க வேண்டும். கேமராவைக் கீழே வை என்று அவர் சொன்னால் வைத்துவிட வேண்டும்.